குண்டு விமானத்தின் கர்ணம்

1942-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு விந்தையானதொரு சரக்கு வந்து சேர்ந்தது. மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலந்தொட்டுச் சேர்ந்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த பதிவேடுகளை, ஜப்பானியர் குண்டு வீசக்கூடும் என்ற அச்சத்தினால் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்து மாவட்டங்களுள் ஒன்று. கடலுக்கு எட்டியது, மலைகள் சூழ்ந்தது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையைக் காலி செய்துகொண்டு மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளெல்லாம் அவர்களால் நிறைந்திருந்தன என்று எங்கள் குடும்பத்துப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்நாளில் திண்ணைகளில் நடந்த பேச்சு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியதாம்: ஆகாய விமானம் எவ்வளவு தூரம் வரும்?

நல்ல கேள்வி. போர்ட் பிளேயருக்கும் சென்னைக்கும் இடையே கடல் ஏறத்தாழ 850 மைல். திருப்பதிக்கும் காசிக்கும் இடையே ஆகாய வழியிலுள்ள தூரமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. திரும்பிப் போகவும் வேண்டுமே! மேலே சொன்ன ஊர்களைத் தாக்கிய விமானங்கள் தீவுகளிலிருந்து எழுந்து வந்தவையல்ல. விமானந்தாங்கிக் கப்பல்களைக் கரைக்கு அருகே கொண்டுவந்து, அவற்றிலிருந்து ஏவினார்கள். கப்பல்கள் அகன்று போனதும், வங்கக் கடலின் அகலமே நமக்கு ஒரு மதிலாக அமைந்தது.

இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. அதே மதில் இப்போது நேச நாட்டாரின் குண்டு விமானங்களைத் தடுத்து நின்றது. வங்காளத்திலும் இலங்கையிலும் இருந்த விமான நிலையங்களிலிருந்து புறப்பட்டு, பர்மா, சயாம், மலாயா வரை சென்று மீள வேண்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்ற பழைய கேள்வி அப்போதும் அவர்களிடையே இருந்தது. ஒவ்வொரு விமானத்திலும் அக்கேள்விக்கு மணிக்கு மணி விடை கூற வேண்டிய கடமை ஒருவருக்கு உண்டு. அவரைப் பிளைட் எஞ்ஜினீயர் என்பார்கள்.

விமானி இன்னவர் என்பது நமக்குத் தெரியும். வழிகாட்டும் நாவிகேட்டர், குண்டு குறி பார்ப்பவர், பீரங்கி பிடிப்பவர் ஆகியோரின் தொழிலும் பெயரிலிருந்தே விளங்கும். எஞ்ஜினீயர் என்றதும் தரையில் இருந்துகொண்டு இயந்திரம் செப்பனிடுபவர் என்றே நினைப்போம். பிளைட் எஞ்ஜினீயரோ இயந்திரங்களோடு பறப்பவர். விமானிக்கு அருகிலோ பின்னாலோ நின்று, எஞ்ஜின்களின் சூடு, எண்ணெய் அழுத்தம், சுழற்சி வேகம் ஆகியவற்றை ஓயாமல் கவனித்து, எத்தொட்டியில் எத்தனை காலன் பெட்ரோல் உள்ளதென்று கணக்கு எழுதிக்கொண்டே வருபவர்.

நம் கிராமங்களில் முன்பு கர்ணம் என்றொருவர் இருந்தார். ஆந்திரத்தில் 1984-இல் அப்பதவி நீங்கிவிட்டது. ஆயினும் சித்தூர்ப் பக்கத்து முதியோர் அவரை மறந்திருக்க மாட்டார்கள். நிலம் அவருடையதன்று, விளைச்சலும் அவருடையதன்று. ஆனால் எந்த வயலுக்கு எந்த மதகுத் தண்ணீர், எத்தனை நாள் பாயும், ஏரியில் மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். குண்டு விமானத்தின் கர்ணம் இந்தப் பிளைட் எஞ்ஜினீயர். கர்ணத்தைப் போலவே இவருக்கும் கணக்கில் பிழை வந்தால் பழியுண்டு. கணக்குச் சரியாக இருந்தால் புகழ் வேறொருவருக்குப் போகும்.

இப்பதவி தோன்றிய கதையும் கணக்கில் பிறந்ததே. யுத்தத்தின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பெரிய குண்டு விமானங்களில் இரண்டு விமானிகள் ஏறிச் சென்றார்கள். ஒரு விமானம் வீழ்ந்தால் பயிற்சி பெற்ற இரு விமானிகள் ஒருங்கே போயினர். ஒருவரை உருவாக்க ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே 1942-ஆம் ஆண்டில் இரண்டாம் விமானியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பிளைட் எஞ்ஜினீயரை அமர்த்தினார்கள். நான்கு எஞ்ஜின்கள் பூட்டிய லங்காஸ்டர் விமானத்தில் எழுவர் செல்வர். விமானிக்கு வலப்புறம் மடக்கு நாற்காலியில் எஞ்ஜினீயர் இருப்பார். வேல்ஸ் நாட்டிலுள்ள செயின்ட் ஏதன் என்னும் நிலையத்தில் இவர்களுக்குப் பயிற்சி. வகுப்பறையில் எஞ்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுத் தேர்ந்தும், ஒருமுறையேனும் ஆகாயத்தில் ஏறாமலேயே தம் குழுவோடு சேர வந்தவர்கள் அவர்களில் பலர்.

அவர்களுள் நார்மன் ஜாக்சன் என்பவரின் பெயரை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். 106-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். தம் முறைக்குரிய பயணங்களை முடித்துவிட்டார்; வீடு திரும்பலாம். ஆயினும் தம் குழுவினருக்கு இன்னும் ஒரு பயணம் பாக்கியிருந்ததால் அவர்களோடு செல்ல முன்வந்தார். தமக்கு முதற் குழந்தை பிறந்த செய்தி அப்போதுதான் அவருக்கு எட்டியிருந்தது. 1944 ஏப்ரல் 26-ஆம் தேதி இரவு, ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் நகரின்மேல், பகை விமானம் சுட்டதில் லங்காஸ்டரின் இறக்கையில் பெட்ரோல் தொட்டிக்கு அருகே தீப்பிடித்தது. ஜாக்சன் தீயணைக்கும் குழாய் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, விமானத்தின் மேற்கூரைத் திறப்பு வழியே வெளியேறி, ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில், மணிக்கு 200 மைல் வேகத்தில் வீசும் காற்றில், இறக்கைமீது இறங்கினார். உள்ளே விரிந்துவிட்ட அவருடைய பாராசூட்டின் கயிறுகளைத் தோழர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீ அணையவில்லை. தீப்புண்களோடு, பாதி எரிந்த பாராசூட்டில் தரையில் விழுந்து சிறைப்பட்டார். பிழைத்து ஊர் திரும்பியபின் 1945-இல் விக்டோரியா கிராஸ் விருது பெற்றார்.

இது வீரம், மறுக்கவில்லை. ஆனால் எஞ்ஜினீயர்களின் தொழில் இவ்வாறு இறக்கைமீது நடப்பதன்று. பதினாறு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, நான்கு முட்களைப் பார்த்து, ஒரு தாளில் எண்களை எழுதுவது. அதை எவரும் கதையாகச் சொல்வதில்லை. வங்கக் கடலைக் கடந்த விமானங்களில் நடந்தது பெரும்பாலும் இத்தொழிலே என்பதால், அதை விளக்கவே இப்பேச்சு.

வங்கக் கடலில் பறந்தவை லங்காஸ்டர் அல்ல. அமெரிக்காவில் செய்யப்பட்ட லிபரேட்டர் விமானங்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 110 அடி. நான்கு எஞ்ஜின்கள், ஒவ்வொன்றிலும் இரு வரிசையாக 14 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் ஆற்றலும் 1,200 குதிரைத் திறன். எங்கள் உறவில் ஒரு பெரியவர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். லிபரேட்டரைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது, ‘ஓயாத பெட்ரோல் வாடை’ என்பதுதான். அது மிகையான பேச்சன்று. அவ்விமானத்தின் இறக்கைகளுக்குள் ரப்பர் உறையிட்ட பதினெட்டுத் தொட்டிகள் உண்டு. அவற்றின் இணைப்புகளில் எங்கேனும் கசிவு இருந்துகொண்டேயிருக்கும். ஆவி உள்ளே தங்கினால் ஒரு தீப்பொறி போதும். அதனால் வாடை மிகுந்தபோது குண்டு அறையின் கதவுகளைச் சிறிதளவு திறந்துவைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவது வழக்கம்.

தொட்டிகள் பதினெட்டும் ஒரே வகையல்ல. பன்னிரண்டு தொட்டிகள், மும்மூன்றாகச் சேர்ந்து, ஒவ்வொரு தொகுதியும் ஓர் எஞ்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும். இறக்கைகளின் வெளிப்புறத்திலுள்ள ஆறும் துணைத் தொட்டிகள். இவற்றிலிருந்து எஞ்ஜினுக்கு நேரே வழியில்லை. பம்பு போட்டு முதன்மைத் தொட்டிகளுக்கு மாற்ற வேண்டும். நெடுந்தூரம் போகும்போது குண்டு அறையிலேயே கூடுதல் தொட்டி வைப்பார்கள். அதையும் மாற்றித்தான் கொள்ள வேண்டும். எப்போது மாற்றுவது, எதற்கு மாற்றுவது, எவ்வளவு நேரம் பம்பை ஓடவிடுவது என்பதை முடிவு செய்பவர் எஞ்ஜினீயர். முந்தினால் முதன்மைத் தொட்டி வழிந்து பெட்ரோல் காற்றில் போகும். பிந்தினால் எஞ்ஜின் இருமி நின்றுவிடும். பெரிய ஏரி நிரம்பி வழிய, கடைமடை காய்ந்து கிடக்கும் ஊர்க் கணக்கை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் அளந்து காட்டும் கருவி என்ன? விமானியின் அறைக்குப் பின்சுவரில் செங்குத்தாகப் பொருத்திய கண்ணாடிக் குழாய்கள். பெட்ரோல் அவற்றில் ஏறி நிற்கும் மட்டத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விமானம் மட்டமாகப் பறந்தால்தான் அவை உண்மை சொல்லும். மூக்கு சற்றே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கண்ணாடி பொய் சொல்லும். மழைக்காலத்து மேகங்களுக்குள் விமானம் தூக்கித் தூக்கிப் போடும்போது அக்குழாய்களை நம்ப முடியாது. அப்போது எஞ்ஜினீயருக்குத் துணை அவர் எழுதி வந்த கணக்கு ஒன்றே: இத்தனை மணிக்கு இந்தச் சுழற்சி, இந்த அழுத்தம், ஆகவே இத்தனை காலன் செலவாகியிருக்க வேண்டும். திருமலையில் உண்டியல் காணிக்கை எண்ணும் பரகாமணியை நாம் அறிவோம். அங்கே எண்ணிக்கை தவறினால் குவித்துப் போட்டு மறுபடியும் எண்ணலாம். கடலின் நடுவே அது முடியாது.

கணக்கோடு நிற்பதுமில்லை. புறப்படுவதற்கு முன் கீழ்த்தளத்தில் உள்ள சிறு பெட்ரோல் எஞ்ஜினை இயக்கி மின்சாரம் உண்டாக்க வேண்டும். மேலே எழுந்தபின் சக்கரங்கள் உள்ளே மடங்கினவா என்று பார்க்க வேண்டும். இறங்கும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று மூக்குப் பகுதிக்குள் நுழைந்து கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மடக்கும் பொறி பழுதுபட்டால் கையால் சுற்றிச் சக்கரத்தை இறக்க வேண்டும். குண்டு கொக்கியில் சிக்கிக் கீழே விழாமல் தொங்கினால், குண்டு அறையின் நடுவே ஒரு சாண் அகலமே உள்ள பாலத்தின்மீது போய் விடுவிக்கும் வேலையும் பல குழுக்களில் இவருடையதே. கதவுகள் திறந்திருக்கும், கீழே வெறும் ஆகாயம்.

இனி, சிக்கனம் என்பது எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு வேகத்தில் பறக்க எஞ்ஜினைப் பல விதமாக ஓட்டலாம். சுழற்சி மிகுதியாகவும் உள்ளே செல்லும் காற்றழுத்தம் குறைவாகவும் வைக்கலாம். அல்லது சுழற்சியைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டலாம். பின்னதில் உராய்வால் வீணாவது குறையும், பெட்ரோல் மிஞ்சும். ஏற்றம் இறைப்பவர் குறுகிய அடியாக ஓடி ஓடி மிதிப்பதைவிட, நிதானமாக நீண்ட அடி வைத்தால் களைப்பில்லாமல் அதே நீரை இறைப்பது போல. காற்றோடு கலக்கும் பெட்ரோலின் விகிதத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவு மீறினால் சிலிண்டர் சூடேறி, எரிபொருள் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்ஜினை உடைக்கும். சூட்டைத் தணிக்க எஞ்ஜினைச் சுற்றியுள்ள மடல்களைத் திறந்தால் காற்று தடுக்கும். தடுத்தால் வேகம் குறையும். குறைந்த வேகத்தை ஈடுகட்ட மறுபடியும் பெட்ரோல் செலவு. நம் நாட்டு வெயிலில், முழுச் சுமையோடு எழும் விமானத்தில், இந்தச் சூட்டுமுள் தரையிலேயே ஏறத் தொடங்கிவிடும். இத்தனை இழுபறிக்கும் நடுவே ஒரு நூலிழை வழியைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் குறைந்து விமானம் எடை குறையக் குறைய, ஒவ்வொரு மணியும் ஆற்றலைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும்.

இதனால் என்ன ஆதாயம்? ஓர் எஞ்ஜின் மணிக்கு நாற்பது ஐம்பது அமெரிக்கக் காலன் குடிக்கும். அதில் நான்கு காலனை மிச்சப்படுத்தினால் பெரிதாகத் தோன்றாது. நான்கு எஞ்ஜின்களுக்குப் பதினாறு காலன். பதினாறு மணி நேரப் பயணத்துக்கு 256 காலன். காலனுக்கு 6 இராத்தல் எடை. ஆக 1,536 இராத்தல். விமானம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் நிற்க இது போதும். அல்லது 500 இராத்தல் குண்டுகள் மூன்றைக் கூடுதலாக ஏற்றிச் செல்லலாம்.

‘அல்லது’ என்ற இச்சொல்லில்தான் இக்கதையின் வலி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இக்கணக்கைத் துணிந்து செயலில் காட்டியவர் ஜேம்ஸ் பிளாக்பர்ன் என்னும் ஸ்குவாட்ரன் தலைவர். 1944-இல், வங்காளத்தில் திக்ரி என்னும் இடத்திலிருந்த 159-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அவர் தலைவரானார். அதுவரை, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இலக்குக்கு ஒரு லிபரேட்டர் ஏறத்தாழ 3,000 இராத்தல் குண்டுதான் சுமக்கும் என்று கருதியிருந்தார்கள். எஞ்ஜின் ஓட்டும் முறையை ஆராய்ந்து, பயன்படாத கருவிகளைக் கழற்றி எடையைக் குறைத்து, அச்சுமையை 8,000 இராத்தல் வரை உயர்த்திக் காட்டினார். அமெரிக்கரின் படைப்பிரிவும் இம்முறையைப் பின்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியில் அந்த ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் வங்காளத்திலிருந்து பினாங்குத் துறைமுகம் வரை சென்று, நீரில் வெடிக்கும் கண்ணிகளை இட்டுத் திரும்பின. போக வர ஏறத்தாழ 3,000 மைல். திருப்பதியிலிருந்து காஷ்மீரத்து ஸ்ரீநகர் வரை ஆகாய வழியே சென்று, எங்கும் இறங்காமல், மீண்டும் திருப்பதிக்கே வந்து சேர்வதற்கு ஒப்பான தூரம் அது. வழியெல்லாம் கடல் அல்லது பகைவர் வசமுள்ள கரை. புகழ் பிளாக்பர்னுக்குச் சேர்ந்தது, தகும். ஆனால் அவர் வகுத்த விதியை ஒவ்வொரு விமானத்திலும் மணிக்கு மணி நிறைவேற்றியவர்கள் பெயர் தெரியாத எஞ்ஜினீயர்கள்.

இலங்கையிலும் இதே தொழில் நடந்தது. 160-ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் சிகிரியாவிலிருந்தும் மின்னேரியாவிலிருந்தும் புறப்பட்டன. இடையே சில மாதங்கள் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலும் அவை இருந்தன. சுமத்திராவைப் படம் பிடிப்பது, துறைமுகங்களில் கண்ணி இடுவது ஆகியவை அவற்றின் பணி. 1945-இல் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர் வரை சென்று மீண்டார்கள். ஒரு பயணத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல். தூங்கி எழுந்து, உண்டு, வேலை பார்த்து, மறுபடியும் படுக்கைக்குப் போகும் ஒரு நாள் முழுவதும் அம்மனிதர் கண்ணாடிக் குழாய்களின் முன் நின்றிருந்தார்.

இனி அந்த ‘அல்லது’.

மிச்சமான பெட்ரோலின் எடைக்குக் குண்டு ஏற்றினார்கள். அக்குண்டுகளில் பல, பர்மாவையும் சயாமையும் இணைத்த இருப்புப்பாதைமீது விழுந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இணைந்தது. அதைப் போட்டவர்கள் யார்? நேச நாட்டுச் சிறைக்கைதிகள். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர், தெலுங்கரும் உண்டு. வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டவர் போக எஞ்சியோரில் பலரை, பாதையைச் செப்பனிடுவதற்கென்று அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். பாலம் உடைந்தால் அதைக் கட்ட வேண்டியவர்கள் அவர்களே. குண்டு விழும் இடமும் அவர்கள் இருந்த இடமே.

மேலேயிருந்து பார்ப்பவருக்கு, பாலத்தருகே உள்ள கொட்டகை படைவீடா, கைதிகள் முகாமா, கூலி லயமா என்று தெரிவதில்லை. 1944 நவம்பர் மாதத்தில் தமர்கான் பாலத்துக்கு அருகே விழுந்த குண்டுகள் கைதிகள் முகாமிலேயே உயிர்களைக் குடித்தன. கைதிகளின் மரணம் பெயரோடும் எண்ணோடும் எழுதி வைக்கப்பட்டது. தோட்டத் தமிழரின் மரணத்துக்கு அத்தகைய ஏடு கிடையாது. ஒரு காலன் மிச்சத்தையும் தவறாமல் எழுதிய யுத்தம், இவர்களைப் பெயரிட்டு எழுதவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் எத்தனை பேர் அப்பாதையோரத்தில் கிடக்கிறார்கள் என்று கேட்டால், எந்தக் கர்ணத்தின் கணக்கும் விடை தராது. எஞ்ஜினீயரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது தம் விமானத்திலிருந்த எட்டுப் பத்துப் பேரின் உயிர். அதைக் கரை சேர்ப்பதே அவர் வேலை.

யுத்தம் முடிந்தது. லிபரேட்டர்களை என்ன செய்வது? கடன் குத்தகை ஒப்பந்தப்படி அவை அமெரிக்காவுக்கு உரியவை. திருப்பியனுப்ப வேண்டும், இல்லையேல் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். கான்பூரில் அவற்றை வரிசையாக நிறுத்தி, எஞ்ஜின்களில் மணலைக் கொட்டி, கருவிகளை உடைத்துப் போட்டுவிட்டுப் பிரிட்டிஷார் சென்றார்கள். சுதந்தரம் பெற்ற இந்தியாவுக்குக் கனத்த குண்டு விமானம் ஒன்றுகூட இல்லை. அப்போது பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு ஓர் எண்ணம் தோன்றியது.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய அத்தொழிற்சாலை, 1943 முதல் யுத்தம் முடியும் வரை அமெரிக்கப் படையினரின் பழுது பார்க்கும் நிலையமாக இருந்தது. நம் தொழிலாளர்களுக்குப் பெரிய விமானங்களைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் அங்கே வந்தது. பலமனேர், முளபாகல், கோலார் வழியே போனால் சித்தூருக்கு அது அயலூர் மாதிரிதான். நான் முன்னே சொன்ன பெரியவரும் அவ்வழியே போனவர். 1948-இல் எல்லப்பா என்னும் பொறியாளர் கான்பூருக்கு அனுப்பப்பட்டார். ஒரு விமானத்தின் நல்ல பாகத்தை மற்றொன்றில் பொருத்தி, ஒரேயொருமுறை பறக்கும் அளவுக்குச் சீர்செய்வது. ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி அதைப் பெங்களூருக்கு ஓட்டி வருவது. அங்கே முழுவதும் புதுப்பிப்பது. இவ்வாறு 42 லிபரேட்டர்கள் மீண்டும் உயிர்பெற்றன. உடைந்த அளவைகளோடு, எந்தத் தொட்டி எங்கே கசியும் என்று தெரியாத விமானத்தில் அவ்வளவு தூரம் வருவதென்றால், பெட்ரோல் கணக்கு எப்படியிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவ்விமானங்களோடு அமைந்தது. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரன் புனாவிலிருந்து இவற்றைக் கொண்டு கடற்காவல் புரிந்தது. எஞ்ஜினீயரின் இடத்தில் இப்போது இந்தியர்கள் நின்றார்கள். அரபிக் கடலின்மேலும் வங்கக் கடலின்மேலும், குண்டுக்காக அல்லாமல் காவலுக்காக, அதே கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து அதே கணக்கை எழுதினார்கள். உலகின் பிற படைகள் லிபரேட்டரைக் கைவிட்டு நெடுங்காலம் ஆனபின்னும், 1968 வரை இந்தியாவில் அது பறந்தது. பழைய விமானத்தைப் பறக்க வைப்பதில் விமானியின் திறமையைவிட எஞ்ஜினீயரின் பொறுமைக்குப் பங்கு மிகுதி என்பது என் எண்ணம்.

ஓய்வு பெற்றவற்றில் சில அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. அவற்றில் ஒன்றன் வரலாறு மட்டும். 1945-இல் பிரிட்டிஷாரின் 99-ஆம் ஸ்குவாட்ரனோடு இந்துமாக்கடலிலுள்ள கொக்கோஸ் தீவில் இருந்தது. பின்பு இந்திய விமானப்படையில் எச்.இ. 807 என்ற எண்ணோடு பணி புரிந்தது. 1974 ஜூலை மாதத்தில் நம் விமானப்படையினர் அதை ஓட்டிச் சென்று இங்கிலாந்தில் ஒப்படைத்தார்கள். முப்பதாண்டு வயதான விமானம், கண்டம் விட்டுக் கண்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் இறக்கைமேல் ஏறி, தொட்டிகளின் மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பார்த்து, கண்ணாடிக் குழாய் காட்டும் மட்டத்தோடு ஒப்பிட்டு, தாளில் எழுதிக்கொண்டிருப்பார். அவ்விமானம் இப்போது பிரிட்டிஷ் அரச விமானப்படையின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, தொட்டிகள் வறண்டு.